வேடம் கட்டும் உரிமை



முன்னுரை எதுவும் இல்லாமல் ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். திருவாய்மொழி ஐந்தாம் பத்தின் ஆறாவது பதிகத்தைப் பேசுகிறவர் யார்?

பாடியவர் நம்மாழ்வார். ஆனால் பாட்டுக்குள் பேசுவது ஒரு தாய். என் மகளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஊராரிடம் முறையிடுகிறாள். அந்த மகள் அப்படி என்ன செய்துவிட்டாள்? இந்த உலகத்தைப் படைத்ததே நான்தான் என்கிறாள். அளந்ததும் நான், கொண்டதும் நான் என்று அடுக்கிக்கொண்டே போகிறாள். வீட்டுக்குள் அடங்கி இருக்க வேண்டிய பெண் இப்படிப் பேசினால் பெற்றவள் என்ன நினைப்பாள்? உலகாளும் ஈசனே இவள்மேல் ஏறிவிட்டானோ என்று கலங்குகிறாள். கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கையைப் பிசைகிறாள்.

இங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். குருகூரில் ஓர் ஆண். அவருக்குள் ஒரு தாய். அந்தத் தாயின் பேச்சுக்குள் ஒரு மகள். அந்த மகளின் வாயில் கடவுள். ஒரே குரலில் நான்கு பேர். பத்துப் பாட்டு இப்படியே போகிறது. பதினோராவது பாட்டில் தாயும் இல்லை, மகளும் இல்லை. குருகூர்ச் சடகோபன் சொன்னது இது என்று பெயர் வந்துவிடுகிறது, பாடுகிறவர்களுக்குக் கிடைக்கும் பலனும் வந்துவிடுகிறது. கட்டிய வேடத்தை அவையிலேயே கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போவதுபோல இருக்கிறது அது.

ஒரு மனிதர் தனக்குள் இருக்கும் இன்னொருவரை வெளியே விட்டுப் பார்ப்பது பற்றி இன்றைக்கு உளவியலாளர்கள் நிறைய பேசுகிறார்கள். அது ஏதோ மேல்நாட்டு நவீன மனிதனின் பிரச்சினை என்ற எண்ணமும் நம்மிடம் இருக்கிறது. நம் இலக்கியத்தில் அது அன்றாட வழக்கமாக இருந்தது. அதனால் தமிழில் இன்னொருவராக ஆவது உண்டா என்று நான் கேட்கப்போவதில்லை. யார் யாருக்கு அந்த உரிமை இருந்தது, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதுதான் இன்று மாலை என் கேள்வி.

திருவாய்மொழியில் நூறு பதிகங்கள். அவற்றில் 27 பதிகங்கள் பெண் குரலில் அமைந்தவை. மகள் பேசுவது 17, தாய் பேசுவது 7, தோழி பேசுவது 3. மகளாகிப் பேசும் ஆழ்வாருக்குப் பராங்குச நாயகி என்று பெயரே உண்டு. உரைகாரர்கள் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். பரமன் ஒருவனே புருஷன். அவன் முன்னால் மற்ற உயிர்கள் எல்லாம் பெண்மை உடையவை. ஆகவே ஆழ்வார் பெண்ணாவது இயல்பு. கேட்க அழகான விளக்கம். ஆனால் இதில் எனக்குத் திருப்தி இல்லை. எல்லா உயிரும் பெண்தான் என்றால் நூறு பதிகங்களும் பெண் குரலில் அல்லவா இருக்க வேண்டும்? தாய் எதற்கு வருகிறாள்? தோழி எதற்கு?

அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில் இதைவிடக் கூர்மையாகப் பார்க்கிறார். அறிவு தெளிந்து நிற்கும்போது ஆழ்வார் தம் குரலிலேயே பேசுகிறார், அன்பு முற்றிக் கரைகட்ட முடியாமல் போகும்போது அந்தப் பேச்சு பெண் பேச்சாகிவிடுகிறது என்பது அவர் கண்டது. இதை நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன். சடகோபன் என்ற பெயருக்கு ஒரு கொள்ளளவு இருக்கிறது. தத்துவத்தை அந்தப் பெயரில் சொல்லலாம், உபதேசத்தைச் சொல்லலாம். இரவு முழுவதும் தூங்காமல் அழுததை அந்தப் பெயரில் சொல்ல முடியவில்லை. அதற்கு வேறொருத்தி வேண்டியிருக்கிறது.

அந்த வேறொருத்தியையும் அவர் தனியே விடவில்லை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம். ஏழாம் பத்தின் இரண்டாம் பதிகத்தில் தாய் அரங்கனிடம் நேராகவே கேட்கிறாள்: இரவென்றும் பகலென்றும் தெரியாமல் கிடக்கும் இந்தப் பெண்ணை என்னதான் செய்வதாக உத்தேசம்? கேட்பது யார்? ஆழ்வாரேதான். தன் பித்தைத் தானே வெளியே நின்று பார்த்து, இது உருப்படுமா என்று பதறுகிற பொறுப்பான ஒரு பகுதி அவருக்குள் இருக்கிறது. அதற்குத் தாயின் உருவம். நான்காம் பத்தில் வெறியாட்டு நடத்தி நோய் தீர்க்கலாம் என்று கிளம்புகிறவர்களை, இந்த நோய்க்கு மருந்து அதுவல்ல என்று தடுத்து நிறுத்துகிற விவரமான ஒரு பகுதியும் இருக்கிறது. அது தோழி. உள்ளே ஒளிந்திருக்கும் உண்மை முகம் என்று ஒன்றே ஒன்று இருப்பதாகவும், முகமூடி போட்டால் அது தைரியமாக வெளியே வந்துவிடும் என்றும் இப்போது அடிக்கடி எழுதுகிறார்கள். ஆழ்வாரைப் படித்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். அங்கே மூன்று பெண்கள் இருக்கிறார்கள். மூவருக்கும் கருத்து வேற்றுமை.

ஆறாம் பத்தில் மகள் வீட்டைவிட்டே போய்விடுகிறாள். எங்கே? திருக்கோளூருக்கு. தாய் புலம்புகிற புலம்பலைக் கேட்டால் ஏதோ கண்காணாத தேசத்துக்குப் போனதுபோல இருக்கும். குருகூர் என்ற ஆழ்வார்திருநகரியிலிருந்து திருக்கோளூர் பக்கத்து ஊர்தான்; நவதிருப்பதி சேவிக்கப் போகிறவர்கள் ஒரே காலைப்பொழுதில் இரண்டையும் பார்த்துவிடுவார்கள். ஆனால் புளியமரத்தடியில் பதினாறு ஆண்டுகள் அசையாமல், பேசாமல் இருந்தவர் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கிற ஒருவருக்குப் பக்கத்து ஊர் எவ்வளவு தூரம்! அவர் உட்கார்ந்தே இருக்கிறார். அவள் நடந்து போகிறாள்.

மகள் தன்னையே கடவுளாகச் சொல்லிக்கொள்ளும் அந்த ஐந்தாம் பத்துப் பதிகத்துக்கு உரைகாரர்கள் வேறு துணை தேடுகிறார்கள். கண்ணனைப் பிரிந்த ஆய்ச்சியர் அவன் செய்ததையெல்லாம் தாங்களே நடித்துக்காட்டி உயிர் தரித்தார்கள் அல்லவா, அந்த அநுகாரம்தான் இது என்கிறார்கள். பிரிவு தாங்க முடியாதபோது பிரிந்தவராகவே ஆகிவிடுவது. நான் பார்த்தவரையில் இதற்கு மேலான உளவியல் விளக்கத்தைப் பிற்கால நூல்களிலும் பார்க்கவில்லை.

திருமங்கையாழ்வாரை விரைவாகத் தொட்டுச் செல்கிறேன். ஆலிநாட்டுத் தலைவர், படை நடத்தியவர், திருமாலடியார்க்கு அமுது படைக்க வழிப்பறி செய்தவர் என்று அவர் கதை. அவரும் பெண்ணானார், பரகால நாயகி. ஆகிச் சும்மா இருந்தாரா? மடல் ஏறுவேன் என்று மிரட்டுகிறார். பெண் மடலேறுவது இல்லை என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. வேடத்தைக் கட்டிக்கொண்டு அந்த வேடத்துக்கு உரிய சட்டத்தையே மீறுகிறார். மிரட்டுவது பெண் குரல்தான். மிரட்டுகிற முறை என்னவோ வழிப்பறிக்காரருடையது.

இவையெல்லாம் மூடிய அறையில் நடந்தவை அல்ல. திருவரங்கத்தில் இராப்பத்து ஏழாம் நாள் திருக்கைத்தல சேவை. நம்பெருமாளை அர்ச்சகர்கள் கைகளில் ஏந்தி நிற்க, நம்மாழ்வார் பராங்குச நாயகி திருக்கோலத்தில் சேவை சாதிப்பார். ஆழ்வாரைச் சேலை உடுத்திய கோலத்தில் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, முகம் சுளிப்பதும் இல்லை. முத்துக்குறி என்ற நிகழ்ச்சியில் ஓர் அரையரே தாயாகவும் மகளாகவும் குறி சொல்லும் கட்டுவிச்சியாகவும் மாறி மாறி அபிநயிக்கிறார். தலையில் அதே அரையர் குல்லாய். ஆளுக்கொரு உடை கிடையாது. ஓர் ஆணுக்குள் இத்தனை பெண்களா என்ற வியப்பே அங்கே எழுவதில்லை. பார்க்கிறவர்களுக்கு அது பழகிய விஷயம்.

தெருக்கூத்திலும் இதே ஒழுங்குதான். திரைக்குப் பின்னால் நின்றபடி வேடம் தன்னை யாரென்று பாடி அறிவிக்கும், கட்டியங்காரன் விசாரிப்பான், பிறகுதான் திரை விலகும். பகலில் வயலில் பார்த்த ஆள்தான் திரௌபதி என்று ஊருக்கே தெரியும். விடிந்ததும் அவர் அரிதாரத்தைக் கழுவிவிட்டு டீக்கடைக்கு வருவார். எல்லாருக்கும் தெரிந்த வேடம் என்பதால்தான் அதற்குள் அவ்வளவு தூரம் போக முடிகிறது.

இதற்கெல்லாம் வேர் அகப்பாட்டில் இருக்கிறது. அகத்தில் தலைமக்களின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது இலக்கணம். அந்த ஒரு விதி புலவனுக்கு எவ்வளவு பெரிய சுதந்திரத்தைத் தந்தது! பாரியின் தோழராகப் புறத்தில் தம் துக்கத்தைத் தம் குரலில் சொன்ன கபிலர், குறிஞ்சிக்குப் போனால் தினைப்புனத்துப் பெண்ணாகிவிடுகிறார். அது அவருடைய சொந்தக் கதையா என்று யாரும் கேட்டதில்லை. கேட்கவும் தோன்றாது.

இங்கேதான் ஒரு நெருடல். வெள்ளிவீதியாரும் அகம் பாடியவர். அவர் பாட்டிலும் பெயரில்லாத ஒரு தலைவிதான் பேசுகிறாள். ஆனால் கணவனைத் தேடி அலைந்த வெள்ளிவீதியைப் போல நானும் போகட்டுமா என்று அகநானூற்றில் ஔவையார் ஒரு தலைவியைப் பேசவைக்கிறார். அதிலிருந்து வெள்ளிவீதியார் பாட்டெல்லாம் அவருடைய சொந்த வாழ்க்கை என்று படிக்கும் வழக்கம் தமிழாசிரியர்களிடம் வேரூன்றிவிட்டது. இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஔவையார் சொல்வது புனைவுக்கு எடுத்த உவமையாகவும் இருக்கலாம். என் கவலை வேறு. கபிலர் தலைவியாகப் பேசினால் அது கற்பனை வளம். வெள்ளிவீதியார் தலைவியாகப் பேசினால் அது வாக்குமூலம். இந்த இரட்டை வாசிப்பு அன்றைக்குத் தொடங்கியது, இன்றைக்கும் ஓயவில்லை.

கவி தன் பெயரை வைத்து முடிக்கும் முத்திரைப் பாட்டுக்கு வருகிறேன். ஆண் கவி பெண்ணாகிப் பாடி, கடைசியில் தன் பெயருக்குத் திரும்பிவிடுகிறார் என்று பார்த்தோம். காரைக்கால் அம்மையார் என்ன செய்தார்? சேக்கிழார் சொல்லும் கதை உங்களுக்குத் தெரியும். மாங்கனி அற்புதத்தைக் கண்டு அஞ்சிய கணவன் பரமதத்தன் கப்பலேறிப் போகிறான், பாண்டிநாட்டில் வேறொரு பெண்ணை மணக்கிறான், பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று முதல் மனைவியின் பெயரையே வைக்கிறான், அவள் தேடி வந்தபோது குடும்பத்தோடு காலில் விழுகிறான். இவனுக்காகச் சுமந்த இந்த அழகுச் சதை இனி எதற்கு என்று அதை உதறிப் பேயுருவை வேண்டிப் பெறுகிறார் அம்மையார். கதையை விட்டுவிட்டு அவருடைய பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால், திருவாலங்காட்டு மூத்த பதிகத்தின் முடிவில் அவர் இடும் கையெழுத்து காரைக்கால் பேய். புனிதவதி என்ற பெயர் அவர் பாட்டில் எங்கும் இல்லை. அது சேக்கிழார் சொல்லித்தான் நமக்குத் தெரியும்.

சடகோபரால் பராங்குச நாயகியாக இருந்துவிட்டுச் சடகோபராகத் திரும்ப முடிந்தது. குருகூரில் அவருக்கு ஓர் இடம் இருந்தது. பேயாகிப் போன அம்மையாருக்குத் திரும்பிப் போக வீடு இல்லை, திரும்பவும் அவர் விரும்பவில்லை. அவருக்கு வேடமே கையெழுத்து. ஆண்டாளை எடுத்துக் காட்டி நீங்கள் என்னை மறுக்கலாம். அவர் ஸ்ரீவில்லிபுத்தூரை ஆயர்பாடியாகவும் தம்மை ஆய்ச்சியாகவும் பாவித்துப் பாடினார், முடிவில் கோதை என்று தம் பெயரையே வைத்தார். உண்மைதான். ஆனால் பட்டர்பிரானின் மகள் கோதை என்று தந்தையின் பெயரையும் சேர்த்தே வைத்தார். அந்தத் தந்தை உடன் நின்றார் என்பதையும் நாம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பல நூற்றாண்டுகளைத் தாண்டி 1933-க்கு வருகிறேன். அந்த ஆண்டு டிசம்பரில் எஸ். ஜி. கிட்டப்பா இறந்தார். முப்பது வயதுகூட ஆகவில்லை. கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளுக்கு அப்போது இருபத்தைந்து. நாடகமேடையில் இருவரும் சேர்ந்து பாடினால் ஊரே திரண்ட காலம் அது. அதற்குப் பின் வெள்ளைச் சேலை, திருநீறு, மேடையிலிருந்து விலகல். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று அவர் முடிவெடுத்தார்.

பிறகு 1935-இல் ‘பக்த நந்தனார்’ வந்தது. அதில் அவர் கதாநாயகி இல்லை, நந்தனாரே அவர்தான். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்து ஒரு லட்சம்! படத்தைப் பற்றி இன்றும் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்தத் தொகையைத்தான் பேசுகிறார்கள். நந்தனாருடைய ஆண்டையான வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். அன்றைய கர்நாடக சங்கீத வித்வான்களில் முன்வரிசைக்காரர்.

அந்தப் பெண்ணின் நிலையில் நின்று இதைப் பாருங்கள். கைம்பெண்ணாகிவிட்ட அவருக்கு முன்னால் இருந்த வழி வீட்டின் பின்கட்டுக்குப் போவது. பாட்டு அவருக்குச் சோறு, அதற்கு மேலும் ஏதோ ஒன்று. திரையில் பெண்ணாக வந்தால் ஜோடி வேண்டும், காதல் காட்சி வேண்டும். ஆணாக வந்துவிட்டால் அந்தச் சிக்கலே இல்லை. தில்லைக்குப் போக வேண்டும் என்று ஏங்கியும் போகவிடாமல் நிறுத்தப்பட்ட ஒரு பறையர் குலத்து அடியாராக நின்று அவர் பாடும்போது, வாசலில் தடுக்கப்படுவது எப்படி இருக்கும் என்பது பாடுகிறவருக்குத் தெரியாத சங்கதியா? அவர் மனத்துக்குள் புகுந்து நான் எதையும் சொல்லக்கூடாது. அந்தப் பாத்திரத்தை அவர் ஏற்றார் என்ற செய்தியே போதுமானது.

அவருடைய பின்னாள் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. 1953-இல் ஜெமினியின் ‘ஔவையார்’. இளமை வேண்டாம் என்று முதுமையை வரமாகக் கேட்டு வாங்கிய பெண்ணின் கதை. 1973-இல் ‘காரைக்கால் அம்மையார்’. அழகை உதறியவரின் கதை. ஓர் ஆண், ஒரு கிழவி, ஒரு பேய். ஒரு பெண் தன்னை யாரும் பெண்ணாகப் பார்க்காதபடி பொதுவெளியில் நின்று பாட நம் மரபில் எத்தனை வழிகள் உண்டோ அத்தனையையும் அவர் பயன்படுத்தியிருக்கிறார். ஒவ்வொரு வழியும் ஏற்கெனவே வேறொரு பெண்ணோ அடியாரோ வெட்டி வைத்த பாதை.

அச்சு வந்த பிறகு முத்திரைப் பாட்டு போய்விட்டது. கதையின் தலைப்புக்குக் கீழே ஒரு பெயர், அவ்வளவுதான். வேடத்தைக் கழற்றிக் காட்டும் பதினோராவது பாட்டு பத்திரிகையில் கிடையாது. ஆகவே யார் எந்தப் பெயரில் எழுதுகிறார் என்பது ஆசிரியர் குழுவுக்கு மட்டும் தெரிந்த ரகசியமானது.

ஆண்கள் இதை எவ்வளவு சுகமாக அனுபவித்தார்கள் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். குமுதத்தில் ரா. கி. ரங்கராஜன் தம் பெயர் போதாது என்று சூர்யா, ஹம்சா, துரைசாமி, கிருஷ்ணகுமார், மாலதி, முள்றி, அவிட்டம், வினோத் என்றெல்லாம் எழுதினார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தனி நடை. அமானுஷ்யக் கதைக்கு ஒருவர், நகைச்சுவைக்கு ஒருவர், சினிமாத் துணுக்குக்கு ஒருவர். வாரக் கடைசியில் சம்பளம் வாங்கியது மட்டும் ஒருவர். அதே பத்திரிகைக்கு எழுதவந்த இன்னொரு ரங்கராஜன், பெயர்க் குழப்பம் வேண்டாமே என்று மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார். அந்தச் சுஜாதாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பகலில் மின்னணுவியல் பொறியாளர், இரவில் பெண்பெயர் தாங்கிய எழுத்தாளர். இரண்டுக்கும் இடையே சண்டை ஏதும் நடந்ததாகத் தெரியவில்லை.

இவர்களைவிட என்னை அதிகம் யோசிக்கவைப்பவர் ஸ்ரீவேணுகோபாலன். ‘திருவரங்கன் உலா’ படித்தவர்கள் இந்த அவையிலேயே பலர் இருப்பீர்கள். 1323-இல் திருவரங்கத்தின்மேல் படையெடுப்பு நிகழ்ந்தபோது நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, காடு காடாக அலைந்தவர்களின் கதை. வைணவ வீடுகளில் பாராயணம் போலப் படிக்கப்பட்ட புத்தகம். அதே கைதான் புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் ‘ஒரு ஊதாப்பூ கண்சிமிட்டுகிறது’ எழுதியது. 1976-இல் கமல்ஹாசன் நடித்துப் படமாகவும் வந்தது. ‘என் பெயர் கமலா’வும் அந்தப் பெயரில் வந்ததுதான். பெட்டிக்கடையில் தொங்கும் மாத நாவல்களில் அவர் பெயரைப் பார்த்தால் வாங்கிச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போன தலைமுறை ஒன்று இருந்தது.

இதில் எது அவருடைய உண்மை முகம், எது ஒளிந்திருந்த முகம்? பக்தர் என்ற வேடத்துக்குள் புஷ்பா தங்கதுரை ஒளிந்திருந்தாரா, இல்லை வயிற்றுப்பாட்டுக்காகப் புஷ்பா ஆன ஒருவருக்குள் அரங்கனடியார் ஒளிந்திருந்தாரா? இந்தக் கேள்வியே தவறு என்பது என் கருத்து. இரண்டு பெயரும் எழுத எழுத உண்டானவை. சிவப்பு விளக்குப் பகுதியைப் பற்றி எழுதச் சொல்லி ஸ்ரீவேணுகோபாலனிடம் கேட்டால் பேனா ஓடியிருக்காது. புஷ்பா தங்கதுரை என்று தாளின் தலையில் எழுதிய பிறகு ஓடியது. பெயர் முதலில் வருகிறது, ஆள் பின்னால் வந்து சேர்கிறார். சடகோபருக்குக் கூட்டம் திரண்ட அதே அரங்கத்தைப் பற்றி இவரும் எழுதினார் என்பது ஒரு சுவையான பொருத்தம். ஆனால் இவருக்கு இரண்டு பெயரையும் ஒரே பாட்டில் வைக்க இடமில்லாமல் போயிற்று.

இந்த ஆட்டத்தில் கழற்றவே மாட்டேன் என்றவர் நகுலன். திருவனந்தபுரத்தில் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர் டி. கே. துரைசாமி. தமிழில் எழுதியவர் நகுலன். அந்த நகுலனுக்குள்ளும் நவீனன் என்று ஒருவர். ‘நினைவுப்பாதை’யிலும் ‘நவீனன் டைரி’யிலும் அவர்தான் உலவுகிறார். சுசீலா என்று ஒருத்தி வேறு, எங்கும் இருப்பாள், எதிலும் அகப்பட மாட்டாள். அவரைத் தேடிப் போன இளம் எழுத்தாளர்கள் பலரும் சுசீலா யார் என்று அவரிடம் கேட்டிருக்கிறார்கள். யாருக்கும் உருப்படியான பதில் கிடைத்ததாகத் தெரியவில்லை. நகுலனை வழிபடுகிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. சில பக்கங்களில் அந்த ஆட்டம் ஆட்டத்துக்காகவே நடக்கிறது. ஆனாலும் இன்னொருவரை உருவாக்கினால் நாம் தெளிவடைவோம் என்ற நம்பிக்கைக்கு அவர் நல்ல மாற்று மருந்து. மனிதர் தெளியவில்லை. மேலும் மேலும் கலைந்துகொண்டே போனார், அந்தக் கலைதலைத்தான் எழுதினார்.

இந்த ஆண்களில் யாரும் தம் பெயரில் எழுதினால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டிருப்பார்களா? மாட்டார்கள். பெயர் மாற்றம் அவர்களுக்கு வசதி, விளையாட்டு, தொழில், சிலருக்குத் தேடல். துவரங்குறிச்சியில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு அது இவற்றில் எதுவும் இல்லை.

1968-இல் பிறந்தவர். பருவமெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டவர். படிப்பதற்கு ஊர் நூலகத்துப் புத்தகமும், பொட்டலம் கட்டி வந்த தாளும். மணமான பிறகு எழுதுவதற்குத் தடை. குளியலறையில், கழிப்பறையில், எல்லாரும் தூங்கிய பின் எழுதியதையும், தாளையும் பேனாவையும் ஒளித்து வைத்ததையும், தம் தாயின் துணையோடு கவிதைகள் வெளியே போனதையும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவரைப் பற்றிய ஆவணப்படமும் 2013-இல் வந்தது. வீட்டில் அவர் ரொக்கையா. கவிதைகளின் கீழே சல்மா. 2000-இல் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ தொகுப்பு வந்தபோது சல்மா யார் என்பது ஊருக்குத் தெரியக்கூடாத செய்தி.

இங்கே வேடத்தின் வேலை தலைகீழாகிவிடுவதைக் கவனியுங்கள். பராங்குச நாயகி என்ற பெயர் சடகோபரை அவர் அல்லாத ஒருத்தியாக்கியது. சல்மா என்ற பெயர் ரொக்கையாவை வேறு யாராகவும் ஆக்கவில்லை. அந்தப் பெயரில்தான் அவர் தம் படுக்கையறையை, தம் உடம்பை, பிள்ளைப்பேறு விட்டுச்சென்ற தழும்பைத் தம்முடையது என்று சொல்ல முடிந்தது. மருமகள், மனைவி, குடும்பத்தின் மானம் என்ற வேடங்களை ஊர் அவருக்குக் கட்டிவிட்டிருந்தது. அவற்றையெல்லாம் கழற்றி வைக்கும் இடமாக அந்தப் புனைபெயர் இருந்தது.

2001-இல் உள்ளாட்சித் தேர்தலில் அந்த ஊரின் பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. வீட்டு ஆண்கள் நிற்க முடியாது. எனவே யாரை வெளியே விடக்கூடாது என்று வைத்திருந்தார்களோ அவரையே நிறுத்த வேண்டியதாயிற்று. வீட்டார் கணக்கில் அவரும் ஒரு வேடம்தான். பெயருக்கு மனைவி, அதிகாரம் கணவனுக்கு என்பது நம் உள்ளாட்சியில் எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு. ஜெயித்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அந்தக் கணக்கைப் பொய்யாக்கினார். 2004-இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ வந்தது. அந்த நாவலைப் பற்றிய பேச்சில் வெள்ளிவீதியாருக்கு நேர்ந்ததே திரும்பவும் நேர்ந்தது. இது எந்த வீட்டுக் கதை, இந்தப் பாத்திரம் எந்த அத்தை, அந்தப் பாத்திரம் எந்தப் பெரியம்மா என்று தேடிக்கொண்டு போனார்கள். பெருங்கூட்டமாகப் பெண்களை வைத்து, ஒரு தெருவின் வாழ்க்கையை இழை இழையாகப் பின்னியிருக்கும் அதன் கட்டமைப்பைப் பேசியவர்கள் குறைவு. கற்பனை செய்யும் திறமை பெண்ணுக்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்வதில் நம் விமர்சனத்துக்கு இன்னும் ஏதோ தயக்கம் இருக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வந்த தமிழ் மகளிர் இதழ்களையும் வார இதழ்களையும் எடுத்துப் பாருங்கள். பெண்பெயரில் வந்த கதைகளில் ஆண்கள் எழுதியவை எவை என்று ஏற்கெனவே ஓரளவு பேசப்பட்டிருக்கிறது. மறுபுறத்தை யாராவது தேட வேண்டும். ஆண்பெயரிலும், ‘ஒரு சகோதரி’ என்பதுபோன்ற முகமில்லாத பெயர்களிலும் எழுதிய பெண்கள் யார் யார்? வீட்டுப் பரணிலும் கணக்குநோட்டின் பின்பக்கத்திலும் சில பேருடைய கையெழுத்து இன்னும் இருக்கக்கூடும். அந்தக் குடும்பங்களின் மூத்த பெண்களிடம் போய்க் கேளுங்கள், ஆண்களிடம் கேட்டால் அப்படியெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் எழுதவில்லையே என்றுதான் சொல்வார்கள். துவரங்குறிச்சியிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். 2025-இல் மாநிலங்களவைக்குப் போகும் வேட்பாளர்களை அறிவித்த பட்டியலில் அந்த ஊர்ப் பெண்ணின் இரண்டு பெயர்களும், ரொக்கையா மாலிக் என்றும் கவிஞர் சல்மா என்றும், ஒரே வரியில் சேர்ந்து அச்சாகியிருந்தன.